வரிசையின் ஓரத்து ஆள்: வாசகர் கேள்விகளுக்கு வாத்தியார் பதில்

கன்சாஸ் சிட்டியில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஆறு மாதங்களைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியபோது, அங்கே பார்த்த அமெரிக்கக் கால்பந்தைக் குறித்து நான்கு வரி சேர்த்திருந்தேன். பதினொரு பேரில் 'டைட் எண்ட்' என்று அழைக்கப்படுகிற ஆட்டக்காரரையே எனக்கு மிகவும் பிடித்துப்போனது என்றும், முப்பத்தொரு ஆண்டு உடற்கல்வி ஆசிரியராக இருந்த எனக்கு அவரைப் பார்த்ததும் நம் பக்கத்துக் கபடிப் பையன்கள் நினைவுக்கு வந்தார்கள் என்றும் எழுதியிருந்தேன். கோபிசெட்டிபாளையத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நான்கு வரியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த மாதம் கபடிக்கும் கைப்பந்துக்கும் விடுப்பு.

கேள்வி: இந்த டைட் எண்ட் என்பவர் பந்தைப் பிடிப்பவரா, ஆளைத் தடுப்பவரா?
– இல்லத்தரசி ஒருவர், பெருந்துறை

இரண்டும்தான், அம்மணி. அவருடைய பெருமையும் அதில்தான் இருக்கிறது, படும் பாடும் அதில்தான் இருக்கிறது.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவப் பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்துக் கஜம் முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு முயற்சி கிடைக்கும். மைதானத்தின் நீளம் நூறு கஜம். ஜவுளிச் சந்தையோடு வாழ்கிற ஊர்க்காரர்களுக்குக் கஜக் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லைக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. பந்தை எறிகிறவர் குவாட்டர்பேக். எதிரணி பாய்ந்து வந்து அவரைச் சாய்த்துவிடாதபடி ஐந்து பருத்த ஆட்கள் அவருக்கு முன்னால் சுவர்போல வரிசைகட்டி நிற்பார்கள். முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமை வழக்கமாக அந்த ஐவருக்கும் கிடையாது. மைதானத்தின் இரு ஓரங்களில் வேகக்காரர்கள் தனியே நிற்பார்கள். ஓடிப்போய்ப் பிடிப்பது அவர்கள் வேலை.

அந்த ஐவர் சுவரின் கடைசியில், தோளோடு தோள் உரசுகிற நெருக்கத்தில் நிற்பவர் டைட் எண்ட். ஒரு முறை 120 கிலோ எடையுள்ள எதிராளியை முட்டித் தள்ளுவார். அடுத்த முறை அதே இடத்திலிருந்து கிளம்பி ஓடி, மூன்று பேர் நடுவில் எம்பிப் பந்தைப் பிடிப்பார். எதைச் செய்யப்போகிறார் என்பது கடைசி நொடி வரையில் எதிரணிக்குத் தெரியக் கூடாது. ஆகவே இரண்டுக்கும் ஒரே மாதிரி குனிந்து நிற்கப் பழக வேண்டும்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பழகாதவன் முதுகை வளைத்துக் கையால் இழுத்துப் பார்ப்பான். பழகியவர் முழங்காலை மடக்கி, இடுப்பை மூட்டைக்குக் கீழே கொண்டுபோய், முதுகு நேராக இருக்க, ஒரே மூச்சில் எழுந்துவிடுவார். டைட் எண்டின் முட்டும் அதே வித்தை. ஒரு கை புல்லில் ஊன்றியிருக்கும். பந்து நகர்ந்ததும் எடுத்து வைக்கும் முதல் எட்டு ஒரு சாண்கூட இருக்காது. இரண்டு உள்ளங்கைகளும் எதிராளியின் மார்பின் உள்பக்கத்தில் பதிய வேண்டும். பலம் இடுப்பிலிருந்து ஏறி வர வேண்டும். கை வெளியே நழுவிப்போய்ச் சட்டையைப் பற்றிவிட்டால் அது குற்றம், அணி பத்துக் கஜம் பின்னால் போக வேண்டியதுதான். இத்தனையும் நாம் கண்ணிமைப்பதற்குள் நடந்து முடிந்துவிடுகிறது. கூட்டத்தில் பெரும்பாலோர் அப்போது பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: இதையெல்லாம் நேரில் பார்த்தீர்களா, தொலைக்காட்சியிலா?
– ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியர், பவானி

நேரில் பார்த்தேன். 2022 ஆகஸ்டில், சீசன் தொடங்குவதற்கு முன்னால். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி ஆண்டுதோறும் செயின்ட் ஜோசப் என்ற ஊரில், ஒரு பல்கலைக்கழக மைதானத்தில் பயிற்சி முகாம் நடத்துகிறது. மகள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டும். ஆடி மாதத்து நம் ஊர் வெயிலுக்குக் குறையாத வெயில். பேரன் என்னை வேலி ஓரமாக அழைத்துப்போய், "அப்புச்சி, பந்தைப் பார்க்காதீர்கள், 87ஆம் எண்ணைப் பாருங்கள்" என்றான். 87 டிராவிஸ் கெல்சி, அந்த அணியின் புகழ்பெற்ற டைட் எண்ட்.

சிறிது நேரம் அவரைப் பார்த்தேன். பிறகு என் கண் பேர் தெரியாத ஓர் இளைஞனிடம் போய்விட்டது. அணியில் இடம் கிடைக்குமா என்று தெரியாமல் முகாமுக்கு வருகிற எத்தனையோ பேரில் அவனும் ஒருவனாக இருக்க வேண்டும். மெத்தை வைத்த இரும்புச் சட்டம் ஒன்று இருந்தது. கட்டைவண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவதுபோல அதை முட்டித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பத்து முறை தள்ளினான். மூச்சு அடங்குவதற்குள், சுழலும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பந்தை உமிழும் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றான். சட்டத்தை முட்டிய கைகள் மரத்துப்போயிருக்கும். அதே கைகளை உடனே பூப்போல விரித்துப் பந்தை ஏந்த வேண்டும். விரல் மூட்டுகளில் வெள்ளை நாடா சுற்றியிருந்தான். முதல் மூன்று பந்துகள் கையில் பட்டுத் தெறித்தன. நான்காவது பந்து சத்தமே இல்லாமல் உள்ளங்கையில் அமர்ந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

கேள்வி: இதுவரை ஆடியவர்களில் உயர்ந்தவர் யார்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

டோனி கான்சாலஸ். ஒரு பெயர் போதும் என்றாலும் காரணத்தை விரிவாகச் சொல்லியே தீருவேன்.

கலிபோர்னியாக்காரர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடியவர். புதிய வீரர்களை அணிகள் வரிசை முறையில் எடுக்கும் டிராஃப்டில், 1997இல் 13ஆவது ஆளாகக் கன்சாஸ் சிட்டி அவரை எடுத்தது. அவ்வளவு முன்னால் எடுக்கப்பட்டவர்மீது எதிர்பார்ப்பு எவ்வளவு இருக்கும்! இரண்டாவது ஆண்டில், 1998இல், கைக்கு வந்த பந்துகளைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டார்கள். ஒரு விளையாட்டு வீரனுக்கு அந்தக் கூச்சல் என்ன செய்யும் என்பதை நான் பையன்களின் முகத்தில் பார்த்திருக்கிறேன். அடுத்த பந்து வரும்போது அவன் பந்தை நினைக்க மாட்டான், கூச்சலை நினைப்பான். கை இறுகிவிடும்.

கான்சாலஸ் அதற்குக் கண்ட மருந்து எளியது. பயிற்சிக்கு முன்னாலும் பின்னாலும் தனியாகப் பந்து பிடித்தார். நாள் தவறாமல் பிடித்தார். 1999இல் 76 பந்துகள், 11 டச்டவுன். 2004இல் 102 பந்துகள். 17 ஆண்டுகள் ஆடி, 2013இல் ஓய்வு பெற்றபோது மொத்தம் 1,325 பந்துகளைப் பிடித்து, 15,127 கஜம் சேர்த்து, 111 டச்டவுன் போட்டிருந்தார். டைட் எண்ட் எவரும் அதுவரை அந்த எண்ணிக்கையை நெருங்கியதில்லை. நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது வேறொன்று. அந்த 17 ஆண்டுகளில் அவர் ஆட முடியாமல் போன ஆட்டங்கள் இரண்டே இரண்டு. ஒவ்வொரு வாரமும் மலைபோன்ற ஆட்களோடு முட்டுகிற இடத்தில் நின்று 270 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். அப்படி ஒரு வருகைப் பதிவேட்டை என் பணிக்காலத்தில் எந்த ஆசிரியரிடமும் நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.

ஆனால் கோப்பை கிடைக்கவில்லை. இறுதிச் சுற்றுகளில் ஒரு வெற்றிகூட இல்லாமலே பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. 2009இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்கு மாறினார். 2013 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிரான ஆட்டம். 20 புள்ளி முன்னிலையில் இருந்த அட்லாண்டா, அத்தனையையும் பறிகொடுத்து, அரை நிமிடம் மிச்சமிருக்கும்போது ஒரு புள்ளி பின்தங்கிவிட்டது. அப்போது கான்சாலஸ் மைதானத்தின் நடுவே 19 கஜத்துக்கு ஒரு பந்தைப் பிடித்தார். அந்த இடத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்துக்கு நடுவே போனது, 30–28. பதினாறாம் ஆண்டில் கிடைத்த முதல் வெற்றி. அத்தனை பெரிய மனிதர் மைதானத்தில் அழுதார். பேரன் அந்தக் காட்சியைத் தேடி எடுத்துக் காட்டினான். நான் மூன்று முறை பார்த்தேன்.

அடுத்த வாரமே சான் பிரான்சிஸ்கோவிடம் 28–24 என்று தோற்றுப்போனார்கள். சூப்பர் பௌல் என்னும் இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி கீழே நின்றுவிட்டார். ஓய்வு பெற நினைத்தவர், மனம் ஆறாமல் இன்னும் ஓர் ஆண்டு ஆடினார். அந்த ஆண்டு அணி நான்கே ஆட்டங்களில் வென்றது. 2019இல் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். கோப்பை இல்லாதவரை உயர்ந்தவர் என்பதா என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். கோப்பை அணிக்குக் கிடைப்பது. நான் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

கேள்வி: டிராஃப்டில் பின்னால் எடுக்கப்பட்டவர்கள் அல்லது எடுக்கப்படாதவர்கள் மேலே வந்ததுண்டா?
– பனியன் கம்பெனி மேற்பார்வையாளர், திருப்பூர்

இந்த இடத்தில் நிறையவே உண்டு. டைட் எண்ட் வேலை இரண்டு தொழில் கலந்தது. பத்தொன்பது இருபது வயதுப் பையனைப் பார்த்து அவனுக்கு இரண்டும் வருமா என்று கணிப்பது கடினம்.

ஷானன் ஷார்ப் 1990இல் 192ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பாட்டி வளர்த்த பிள்ளை. ஓரத்து வேகக்காரராக வந்தவரை டைட் எண்டாக மாற்றினார்கள். மூன்று சூப்பர் பௌல் வென்று, 2011இல் புகழ் மண்டபத்துக்குப் போனார். அங்கே பேசியபோது பாட்டியைப் பற்றியே அதிகம் பேசினார். 2025இல் அண்ணன் ஸ்டெர்லிங்குக்கும் அதே மண்டபத்தில் இடம் கிடைத்தது. அண்ணன் தம்பி இருவரும் அங்கே இடம்பெற்றது அதுவே முதல் முறை. ஜார்ஜ் கிட்டில் 2017இல் 146ஆவது ஆள். தள்ளுவதையும் முட்டுவதையும் பந்து பிடிப்பதைவிட ஆசையாகச் செய்கிற ஆட்டக்காரர் என்று பேரெடுத்தார்.

அன்டோனியோ கேட்ஸ் கதை இன்னும் வியப்பானது. கல்லூரியில் ஒரு கால்பந்து ஆட்டம்கூட அவர் ஆடவில்லை, கூடைப்பந்துதான். கென்ட் ஸ்டேட் அணியை 2002இல் தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளுக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர். ஆனால் கூடைப்பந்தில் அவர் ஆடிய இடத்துக்கு 6 அடி 4 அங்குலம் போதாது என்றுவிட்டார்கள். கால்பந்து டிராஃப்டிலும் யாரும் எடுக்கவில்லை. 2003இல் சான் டியேகோ அணி தனியாக ஒப்பந்தம் செய்து சேர்த்துக்கொண்டது. 16 ஆண்டுகள் ஆடி 116 டச்டவுன் போட்டார். கான்சாலஸைவிட ஐந்து அதிகம்.

கூடைப்பந்துக்காரர்கள் இந்த இடத்துக்குப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எடுக்க, எதிராளியை முதுகால் தள்ளி நிறுத்திவிட்டு எம்ப வேண்டும். கால்பந்திலும் டைட் எண்ட் அதையே செய்கிறார். எதிராளியைவிட வேகமாக ஓட வேண்டியதில்லை, அவனுக்கும் பந்துக்கும் நடுவில் தன் உடம்பை வைத்துவிட்டால் போதும். கான்சாலஸ் டச்டவுன் போட்ட மகிழ்ச்சியில் பந்தைக் கோல் கம்பத்துக்கு மேலே, கூடையில் போடுவதுபோலப் போடுவார். 2013இல் ஜிம்மி கிரஹாம் என்ற இன்னொரு கூடைப்பந்துக்கார டைட் எண்ட் அப்படிப் போட்டபோது கம்பமே சாய்ந்துவிட்டது. சரிசெய்யும்வரை ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே அதற்குத் தடை போட்டார்கள்.

கேள்வி: இரண்டு வேலை செய்கிறவருக்கு இரண்டு பங்கு சம்பளமா?
– விசைத்தறி உரிமையாளர், பல்லடம்

கேட்டீர்களே, அய்யா! குறைவாகத்தான் கொடுத்தார்கள்.

இப்போது சொன்ன ஜிம்மி கிரஹாமின் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் 86 பந்துகள் பிடித்து, 16 டச்டவுன் போட்டு, பந்தைப் பிடித்துப் போடும் டச்டவுன் எண்ணிக்கையில் தேசிய லீக் முழுவதற்கும் முதலாவதாக வந்தார். ஒப்பந்தம் முடிந்த வீரர் ஒருவரை அணி இன்னும் ஓராண்டு தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அதற்கு அவர் ஆடும் இடத்துக்கென்று கணக்கிட்ட தொகையைத் தர வேண்டும். 2014இல் டைட் எண்டுக்கு அது ஏறக்குறைய 70 லட்சம் டாலர். ஓரத்து வேகக்காரருக்கு 1 கோடியே 23 லட்சம் டாலர். கிரஹாம் பெரும்பாலான முறை சுவரை விட்டு விலகி நின்றே ஆடியிருந்தார். ஆகவே "நான் வேகக்காரர் கணக்கில் வர வேண்டும்" என்று முறையிட்டார். மத்தியஸ்தர் ஒருவர் விசாரித்தார். சுவரின் கடைசி ஆளிடமிருந்து நான்கு கஜத்துக்குள் நின்றால் அது டைட் எண்ட் இடமே என்று முடிவு செய்து, அணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பிறகு நான்கு ஆண்டுக்கு 4 கோடி டாலர் என்று பேசி முடித்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் எங்கே நிற்கிறாய் என்று நான்கு கஜத்தை அளந்து 50 லட்சம் டாலர் வித்தியாசத்தைத் தீர்மானித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். பிடித்த பந்துக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு கோடு விழும். தடுத்த ஆளுக்கு மக்கள் படிக்கிற பட்டியலில் கோடு கிடையாது. கபடியிலும் இதே அநியாயம். என்னிடம் ஒரு பையன் இருந்தான், வலது மூலையில் நிற்பான். கணுக்காலைப் பிடித்தால் உடும்புப் பிடி. அவனுக்குப் பயந்தே எதிரணி ரெய்டர்கள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். பயந்து போகாமல் இருந்ததற்கு யார் புள்ளி எழுதுவது? தேர்வுக் குழு ஒன்று, ரெய்டில் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, அவன் பெயரை அடித்துவிட்டது. அன்று இரவு அவனைச் சைக்கிளில் உட்கார வைத்து அவன் தோட்டத்து வீடு வரைக்கும் மிதித்துப் போனேன். வழி நெடுகிலும் ஒரு வார்த்தை பேசவில்லை அவன். செயின்ட் ஜோசப்பில் அந்த இளைஞனுக்கு நான் கை தட்டியது இவனுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: இப்படிப்பட்ட உடம்புக்கு என்ன சாப்பிடுவார்கள்? என் மகனுக்குத் தினமும் கறி கொடுக்கலாமா?
– ஒரு தாயார், காங்கேயம்

கான்சாலஸ் 2007 வாக்கில் இறைச்சியையும் பாலையும் அறவே விட்டுப் பார்த்தார். எடை இறங்கி, வழக்கமாகத் தூக்கும் பாரத்தைத் தூக்க முடியாமல் போகவே, கொஞ்சம் மீனும் கோழியும் சேர்த்துக்கொண்டார். காய்கறியும் பயறுமே பெரும்பங்கு. உங்கள் வீட்டு அரிசிம்பருப்புச் சாதமும், கொள்ளும், வாரம் இரண்டு நாள் கறியும் வளரும் பையனுக்குப் போதும், அம்மணி. பத்து மணிக்குமேல் செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணனும் தம்பியும் எதிரெதிர் அணியில் ஆடினார்களாமே, தாய் எந்தப் பக்கம் நின்றார்?
– தாராபுரத்திலிருந்து ஒரு பாட்டி

2023 பிப்ரவரி சூப்பர் பௌலைக் கேட்கிறீர்கள். அதற்குள் நான் ஊர் திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணி. பேரன் செல்போனில் அழைத்து எழுப்பிவிட்டான். பால்காரர் வருவதற்கு முன்பே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி டிராவிஸ் கெல்சி கன்சாஸ் சிட்டியின் டைட் எண்ட். அண்ணன் ஜேசன் பிலடெல்பியாவில் அந்த ஐவர் சுவரின் நடு ஆள். தாய் டோனா இரண்டு அணியின் நிறங்களும் பாதிப்பாதியாக இருந்த சட்டை போட்டு வந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து நின்றார். தம்பி ஒரு டச்டவுன் போட்டார். அவருடைய அணி 38–35 என்று வென்றது. முடிந்ததும் அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டார்கள். வேறென்ன செய்வார்கள்?

இந்த டிராவிஸ், முதல் ஆண்டு முழங்கால் அறுவை சிகிச்சையால் அநேகமாக முழுவதும் வெளியே உட்கார்ந்திருந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு 2016 முதல் 2022 வரை தொடர்ந்து ஏழு சீசன்கள் ஆயிரம் கஜத்தைத் தாண்டினார்.

கேள்வி: ஆட்டம் முடிந்தபிறகு இவர்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது?
– மருத்துவமனைச் செவிலியர், கோயம்புத்தூர்

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன், கொஞ்சம் பயந்தும் இருந்தேன்.

17, 18 ஆண்டு ஆடுகிறவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். இந்த லீகில் ஒரு வீரர் ஆடும் காலம் சராசரியாக மூன்று ஆண்டுகளைச் சற்றுத் தாண்டும் என்றுதான் வீரர்கள் சங்கமே சொல்லிவந்திருக்கிறது. ராப் கிரான்கௌஸ்கியைப் பாருங்கள். 6 அடி 6 அங்குலம், 120 கிலோ. 2011இல் ஒரே சீசனில் 17 டச்டவுன் பிடித்தவர். கல்லூரியிலேயே முதுகு அறுவை சிகிச்சை. பிறகு முன்கை உடைந்தது, முழங்கால் தசைநார் அறுந்தது, மறுபடி முதுகு. 29 வயதில் போதும் என்று நிறுத்திவிட்டார். ஓராண்டு உடம்பை ஆற்றிக்கொண்டு வந்து, டம்பா பே அணிக்காக 2021 சூப்பர் பௌலில் இரண்டு டச்டவுன் போட்டார். அவருக்கு அது நான்காவது கோப்பை. அவர் உடம்பு திரும்பி வந்தது. எல்லோருக்கும் வருவதில்லை.

ஜான் மேக்கியின் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1960களில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் டைட் எண்ட், சட்டை எண் 88. பந்தைப் பிடித்த பிறகு இவரைக் கீழே சாய்க்க நான்கைந்து பேர் தேவைப்படும். வீரர்கள் சங்கத்தின் தலைவராக இருந்து, ஒப்பந்தம் முடிந்தபிறகும் வீரர்கள் விரும்பிய அணிக்குப் போகவிடாமல் கட்டிப்போட்ட விதியை எதிர்த்து வழக்குப் போட்டு, 1976இல் வென்றவர். இன்றைக்கு வாங்கும் சம்பளத்துக்கு ஒவ்வொரு வீரரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார். அந்த மனிதருக்கு அறுபது வயதைச் சுற்றியே மறதி நோய் வந்து, பேச்சும் நினைவும் கரைந்துபோயின. மனைவி சில்வியா, பராமரிப்புச் செலவைத் தாங்க முடியாத நிலையை விளக்கி லீகின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அதன் பலனாக, நினைவு இழந்த முன்னாள் வீரர்களைக் காப்பகத்தில் வைத்துப் பார்க்க ஆண்டுக்கு 88,000 டாலர் வரை தரும் திட்டம் 2007இல் வந்தது. அவருடைய சட்டை எண்ணே திட்டத்தின் பெயராயிற்று. 2011இல், 69 வயதில் இறந்தார். மூளையை ஆராய்ந்தபோது, தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடியால் வரும் சிதைவு அதில் இருந்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1994இல் ஒரு வட்டாரக் கபடிப் போட்டியில் என் பையன் ஒருவனுக்கு எதிராளியின் முழங்கால் நெற்றிப்பொட்டில் இடித்தது. எழுந்து நின்றவன், "சார், எந்தப் பக்கம் நம்ம பக்கம்?" என்று கேட்டான். நான் முகத்தில் தண்ணீர் அடித்து, சோடா கொடுத்து, இரண்டு நிமிடத்தில் திரும்ப உள்ளே அனுப்பினேன். ஜெயித்தோம். அன்று அதை வீரம் என்றே நினைத்தேன். அது தவறு, செவிலியம்மா. இன்றைக்கு அமெரிக்க ஆட்டத்தில் அணியைச் சாராத மருத்துவர் ஒருவர் ஓரத்தில் நின்று பார்க்கிறார். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தவர் என்று தெரிந்தால் அன்று மறுபடி ஆட விடுவதில்லை. நம் வட்டாரப் போட்டிகளிலும் அந்த ஒரு விதி வர வேண்டும். விசில் வைத்திருக்கும் ஒவ்வொரு உடற்கல்வி ஆசிரியரும், எந்தப் பக்கம் என்று ஒரு பையன் கேட்டால், அவனை வெளியே உட்கார வையுங்கள். கோப்பை போனால் போகட்டும். அந்தப் பையன் இப்போது நல்லபடியாகத் தறி ஓட்டுகிறான். அமெரிக்காவிலிருந்து திரும்பிய வாரமே அவன் வீட்டுக்குப் போய், தலைவலி வருகிறதா, ஏதாவது மறந்துபோகிறதா என்று விசாரித்துவிட்டு வந்தேன். ஏன் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினான்.

கேள்வி: அய்யா, எனக்கு 15 வயது. 6 அடி இருக்கிறேன். கபடியும் கூடைப்பந்தும் ஆடுவேன். நான் டைட் எண்ட் ஆக முடியுமா?
– பத்தாம் வகுப்பு மாணவன், அந்தியூர்

கண்ணு, உன் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், கடைசிக்கு வைத்திருந்தேன்.

வழி மிகக் குறுகியது என்பதை மறைக்க மாட்டேன். அங்கே பள்ளியில் தொடங்கி, கல்லூரியில் ஆடி, ஆண்டுக்கு இருநூற்றைம்பது பேருக்குச் சற்று மேல் எடுக்கும் டிராஃப்டில் பெயர் வந்து, பிறகும் முகாமில் கழித்துவிடாமல் 53 பேர் பட்டியலில் நிற்க வேண்டும். ஆனால் வெளிநாட்டுப் பையன்களுக்கென்று அந்த லீகே 2017இல் ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்த ஜோர்டன் மைலாட்டா, வாழ்நாளில் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஆடாமல் அதில் சேர்ந்து, 2018இல் 233ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, அந்த ஐவர் சுவரில் ஒருவராகி, 2025இல் பிலடெல்பியாவோடு சூப்பர் பௌல் வென்றார். இதே ஆட்டத்தின் முட்டல் மோதல் இல்லாத வடிவம், இடுப்பில் தொங்கும் கொடியைப் பறிக்கிற ஆட்டம், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறுகிறது. நீ அதிலிருந்து தொடங்கு. தலையும் பிழைக்கும்.

முதலில் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடி. பிறகு ஒரு சனிக்கிழமை கோபிக்கு பஸ் ஏறி வா, உன் அப்பாவையும் அழைத்து வா. பேரன் கொடுத்தனுப்பிய தோல் பந்து ஒன்று என் பீரோவில் இருக்கிறது. மாட்டுத்தோல், 400 கிராமுக்குச் சற்று மேல், ஒரு பக்கம் வெள்ளைக் கயிறு தைத்திருக்கும். இங்கே அதை எறிய எனக்குத் துணை கிடையாது. பள்ளிக்கூடச் சுவரில் நானே எறிந்து நானே எடுக்கிறேன், முட்டை வடிவம் என்பதால் எந்தப் பக்கம் திரும்பும் என்றே சொல்ல முடியாது. காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருப்பேன். முதல் நாள் உன்னைப் பந்து பிடிக்க விட மாட்டேன். மஞ்சள் மூட்டை தூக்குவதுபோல எப்படிக் குனிந்து நிற்பது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.